இடது மணிக்கட்டு

தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பேச வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் கோகிலவாணி அதை அந்த நிமிஷமே மறந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். வகுப்பில் இருக்கும் பன்னிரண்டு பிள்ளைகளின் அம்மாக்களும் வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது பேசத்தான் செய்கிறார்கள். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், நேற்றுப் பூராவும் தூங்கவில்லை, மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் சமாளிக்க முடியுமா. அதையெல்லாம் வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசிவிட்டுப் போவார்கள். இன்றைக்குக் காலையில் மிதுனாவை விட வந்த சசிரேகா உள்ளே வரவில்லை. பிள்ளையை ஆயா பாப்பாத்தி அக்கா கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, மூணரைக்கு வருகிறேன், டீச்சரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். "தனியான்னா சொன்னாங்க?" என்று கோகிலவாணி கேட்டாள். "ஆமாங்க டீச்சர்." "வேற என்ன சொன்னாங்க?" "வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க." அந்தப் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதோ என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. வேறு எதுவும் சொல்லாத ஆளைப் பற்றிக் கேட்டால் ஒரு நொடி யோசித்துப் பார்த்துவிட்டுத்தானே சொல்வோம். பாப்பாத்தி அக்கா யோசிக்கவில்லை. தயாராக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மணி ஒன்றே முக்கால். சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்தாகிவிட்டது. சிலர் தூங்குகிறார்கள், சிலர் தூங்குகிற மாதிரி கிடக்கிறார்கள், ஒருவன் காற்றாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கட்டடம் முன்பு தறிக் குடோனாக இருந்தது. நடுவில் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, வாசலில் ஒரு போர்டை மாட்டிச் சிறப்புப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமாக்கினார்கள். பல்லடத்தில் இந்தப் பக்கம் இன்னமும் எல்லாம் தறிதான், பின்னால், இடது பக்கம், ரோட்டுக்கு எதிரே. டக்கடக்கா டக்கடக்கா என்று காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பழகிவிட்டது என்பாள். பதினேழு வருஷம். எதெது பழகிவிட்டது என்று யோசித்தால் பயமாக இருக்கும், அதனால் யோசிப்பதில்லை. போன ஆடியில் ஒரு நாள் வகுப்பில் தருண் வீறிட்டு அழுதுகொண்டிருந்தபோது இவள் ஜன்னல் பக்கம் நின்று தேதி கிழித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அழுதான் என்று தெரியாது. நிவேதா டீச்சர் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்து, "அக்கா, காதுல விழலையா?" என்று கேட்டபோதுதான் அது அழுகை என்று உறைத்தது. அதுவரைக்கும் தறி ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிவேதா பொங்கலுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளுடைய நாலு பிள்ளைகளும் இந்த வகுப்புக்கு வந்துவிட்டார்கள். போகும்போது எஸ்தர் மேடத்திடம் இதைச் சொல்லியிருப்பாளா? கோகிலா அக்காவுக்கு இப்போதெல்லாம் காது கேட்பதில்லை என்று. சொல்லியிருக்கலாம். போகிறவர்களுக்கு எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. நேற்று கையெழுத்துப் போட உள்ளே போனபோது எஸ்தர் மேடம் எதையோ எழுதிக்கொண்டிருந்தவர் அதை மூடினார். பச்சை அட்டை போட்ட ஃபைல். மூடிவிட்டு, "நல்லா இருக்கீங்களா கோகிலா?" என்று கேட்டார். தலைமை ஆசிரியை. ஒன்பது வருஷமாகக் கூட இருக்கிறவர். தினமும் பார்க்கிற ஆளை எதற்கு நல்லா இருக்கீங்களா என்று கேட்க வேண்டும்?

மிதுனா ஓரத்துப் பாயில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வலிப்பு மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். பதினோரு வயது. வளர்ச்சியில் பெரிய பிள்ளை, கோகிலவாணியின் தோள் வரைக்கும் வந்துவிட்டாள், பலம் அதற்கும் மேல். பேச்சு என்றால் ஒரே ஒரு சொல்தான், போலாம். பசித்தாலும் போலாம், தூக்கம் வந்தாலும் போலாம், வலித்தாலும் போலாம். இடது கை பாயை விட்டு வெளியே சிமெண்ட் தரையில் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கோகிலவாணி நினைக்கிறாள். நினைத்த உடனே பார்க்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடையில், புதன்கிழமை நாவல்பழக் கறை மாதிரி இருந்தது, நேற்றுப் பச்சையாகி இன்றைக்கு ஓரங்களில் மஞ்சள் ஏறியிருக்கிறது. மூன்று தடம் ஒரு பக்கம். ஒன்று மறுபக்கம். இதைச் சசிரேகா பார்க்காமல் இருக்க முடியாது. தினமும் குளிப்பாட்டுகிறவள், உடுத்திவிடுகிறவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனை விரித்துப் பார்த்து எங்கே ஓட்டை, எங்கே கறை என்று கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண்ணுக்கா தெரியாது? புதன்கிழமை காலையில் பிள்ளையை விட வந்தபோது கோகிலவாணி முதலில் சசிரேகாவின் முகத்தைத்தான் பார்த்தாள். தெரிந்துவிட்டதா இல்லையா என்று பார்த்தாள். சசிரேகா அந்தப் பார்வையைத் தாங்காமல் சட்டென்று குனிந்து பிள்ளையின் பையைச் சரி பண்ணினாள். அதற்கு என்ன அர்த்தம்? தெரியாதவள் நேராகப் பார்ப்பாள். தெரிந்துகொண்டு, சொல்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறவள்தான் குனிவாள். வியாழக்கிழமையும் குனிந்தாள். இன்றைக்கு உள்ளேயே வரவில்லை. தனியாகப் பேச வேண்டுமாம்.

என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு இருக்கிறது. இல்லாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம், பின்கட்டில், கை கழுவ வரிசையாக நிற்க வைத்திருந்தபோது மிதுனா தட்டை வீசிவிட்டுக் கேட்டைப் பார்த்து ஓடினாள். கேட் திறந்திருந்தது. வெளியே ரோடு, நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் போகிற ரோடு. எட்டிப் பிடித்தது கோகிலவாணிதான். இடது கையைத்தான் பிடித்தாள். பிடிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு வேறு பேச்சு நடந்திருக்கும். இதை யாரிடமும் சொல்லலாம், எஸ்தர் மேடத்திடம், சசிரேகாவிடம், அதிகாரி வந்தால் அவரிடம். ஓடுகிற பிள்ளையை மெதுவாகவா பிடிக்க முடியும்? மூன்று நாளாக இதைத்தான் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸில், குளிக்கும்போது, வீட்டுக்காரருக்கு இட்லி எடுத்து வைக்கும்போது. வரிசை சரியாகத்தான் இருக்கிறது. தட்டு, ஓட்டம், கேட், டெம்போ, கை. ஆனால் ஒவ்வொரு முறையும் கை என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேலே போகாமல் மறுபடியும் தட்டிலிருந்து ஆரம்பிக்கிறாள். அப்படியானால் அது ஏன் பதிவேட்டில் எழுதப்படவில்லை? பிள்ளை ஓடினால், விழுந்தால், கடித்தால், கடிபட்டால் அன்றைக்கே எழுத வேண்டும், அது இங்கே வழக்கம். இவள் கையில் மட்டும் ஐந்து கடித் தழும்பு இருக்கிறது, ஐந்தும் பதிவேட்டில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு மூடி வைத்தாள். தேதி மட்டும் இருக்கிறது. எஸ்தர் மேடம் புரட்டிப் பார்த்தால் தெரியும், தேதி போட்டு ஒன்றுமில்லாத ஒரு வரி.

பாப்பாத்தி அக்கா அப்போது எங்கே இருந்தாள்? குழாயடியில். முதுகு காட்டித் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள் என்றுதான் ஞாபகம். ஆனால் தட்டு விழுந்த சத்தத்துக்குத் திரும்பியிருப்பாளே. திரும்பியவள் மறுபடியும் எப்போது குனிந்தாள்? புதன்கிழமையிலிருந்து சாப்டீங்களா டீச்சர் என்று கேட்பதில்லை. பதினோரு மணிக்கு டம்ளரில் டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறாள், போகிறாள். முன்பெல்லாம் நின்று தன் மருமகளைப் பற்றிக் குறைப்பட்டுவிட்டுத்தான் போவாள். ஹாலில் போன மாசம் கேமரா மாட்டினார்கள், நன்கொடை கொடுத்த யாரோ மாட்டிக் கொடுத்தது. பின்கட்டு அதில் விழுமா என்று தெரியவில்லை. நேற்றுப் பிள்ளைகள் போன பிறகு அந்த இடத்தில் போய் நின்று பார்த்தாள். கேமரா நமக்குத் தெரிந்தால் நாம் கேமராவுக்குத் தெரிவோம், அவ்வளவுதானே கணக்கு. நிலைப்படிக்கு மேலே பாதி தெரிந்தது. பாதி தெரிந்தால் என்ன, தோள் வரைக்கும் விழுமா, முழங்கை வரைக்கும் விழுமா? ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாள், இன்னொரு அடி. பிறகுதான் பகீரென்றது. யாராவது அதைப் போட்டுப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை என்ன விழுந்திருக்கிறதோ தெரியாது, வியாழக்கிழமை ஒரு டீச்சர் காலியான பின்கட்டில் நின்று மூன்று தடவை கேமராவை அண்ணாந்து பார்த்தது நிச்சயமாக விழுந்திருக்கும்.

இந்த வேலையில் எல்லாரும் பொறுமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க டீச்சர். உங்களை மாதிரி எங்களால முடியாதுங்க. இது கடவுளுக்குப் பண்ற சேவைங்க. ஆசிரியர் தினத்துக்கு ரோட்டரிக்காரர்கள் வந்து சால்வை போட்டபோதும் ஒருத்தர் மைக்கில் அதையேதான் சொன்னார். ஆரம்பத்தில் கேட்க நன்றாக இருந்தது. பிறகு கூச்சமாக இருந்தது. இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எதற்குச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. இவள் கிளம்பிப் போய்விடக் கூடாது என்று சொல்கிறார்கள். கையைக் கட்டி உட்கார வைக்கிறார்கள். மூன்று வருஷமாக மிதுனாவுக்குச் சட்டைப் பட்டன் போடச் சொல்லிக் கொடுக்கிறாள். முதல் வருஷம் பட்டனைத் தொட வைக்க. இரண்டாம் வருஷம் ஓட்டைக்குள் பாதி நுழைக்க. போன கார்த்திகையில் ஒரு பட்டனை முழுசாகப் போட்டாள். அன்றைக்கு எஸ்தர் மேடம் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார், சசிரேகா வாசலில் நின்று அழுதாள். கோகிலவாணி சிரித்துக்கொண்டு நின்றாள், உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தால் சத்தமே வராமல் இருக்குமே, அப்படி. இன்னும் அஞ்சு பட்டன் இருக்கிறது என்று மட்டும் நினைத்தாள். காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நம்முடைய பஸ் வந்து நின்று, ஏறாமல் நின்றுகொண்டிருந்து, அது போன பிறகு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டதுண்டு. இரண்டு தடவை. வீட்டில் அவர் ஏதோ பேச வந்தபோது, கை கீழே, சத்தம் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் அவர் பேச வருகிறதில்லை. லீவு கேட்கலாம் என்றால் லீவு போட்டால் யார் பார்ப்பது? ஆரம்பத்தில் எட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆள் என்றார்கள். இப்போது பன்னிரண்டு. லீவு கேட்டால், ஏன், என்ன ஆச்சு என்று கேட்பார்கள். கேட்டால் பார்ப்பார்கள். பார்த்தால் தெரிந்துவிடும்.

எழுந்து ஓரத்துப் பாயின் பக்கம் போய் உட்கார்ந்தாள். கொசு அடிக்கப் போன மாதிரித்தான் போனாள். மிதுனாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது, எச்சில் கன்னத்தில் காய்ந்திருந்தது. தலையில் தேங்காயெண்ணெய் வாசம். இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ரிப்பன் மடிப்புக்கூடக் கலையவில்லை, சசிரேகா எத்தனை அவசரத்திலும் அதை ஒழுங்காகக் கட்டி அனுப்புவாள். கோகிலவாணி தன் வலது கையை எடுத்துத் தடத்தின் மேலே, தொடாமல், காற்றில் வைத்துப் பார்த்தாள். மூன்று விரல் அந்தப் பக்கம். கட்டைவிரல் இந்தப் பக்கம். பொருந்துகிறது. இல்லை, கட்டைவிரல் தடம் கொஞ்சம் மேலே இருக்கிறது. பின்னாலிருந்து எட்டிப் பிடித்தால் கட்டைவிரல் எங்கே வரும்? முன்னாலிருந்து பிடித்தால்? கையைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியும் பொருந்துகிறது. யார் கையை வைத்தாலும் பொருந்தும் போலிருக்கிறது, விரல் என்றால் எல்லாருக்கும் அஞ்சுதானே. சரியாகத் தெரிய வேண்டுமானால் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நொடி, லேசாக. விரல்களை மடக்கினாள். தூங்குகிற தோலின் சூடு உள்ளங்கையில் பட்டது.

"என்ன டீச்சர் பாக்கறீங்க?"

பாப்பாத்தி அக்கா நிலைப்படியில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கோகிலவாணி கையை எடுத்தாள். "சூடு இருக்கான்னு பாத்தேன்க்கா" என்றாள். "சூடுன்னா நெத்தியிலதானுங்க பாப்பாங்க" என்று பாப்பாத்தி அக்கா சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாளா? ஒரு கணம் மிதுனாவின் கையைப் பார்த்தாள், பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள், பிறகு மேஜையடியில் துடைப்பத்தை விட்டாள். கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செவ்வாய்க்கிழமை நீங்க திரும்பிப் பாத்தீங்களா அக்கா? கேட்டால் அவள் திருப்பிக் கேட்பாள், எதைங்க டீச்சர்? எதை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போதுதான் கரண்ட் போனது. முதலில் காற்றாடி. அடுத்த நொடி பின்பக்கத்துத் தறி, இடது பக்கத்துத் தறி, எதிரே இருப்பவை என்று ஒவ்வொன்றாக இறங்கி எல்லாம் நின்றுவிட்டன. இங்கே வருகிற மற்றவர்களுக்கு அப்போதுதான் காது திறந்த மாதிரி இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் ஆகாது. சத்தத்திலேயே விழித்துச் சத்தத்திலேயே தூங்குகிறவர்கள், அது அறுந்தால் தரை நழுவின மாதிரி ஆகிவிடும். மிதுனா கண்ணைத் திறக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அடித்தொண்டையிலிருந்து ஒரு ஓலம். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நெற்றியை மோத ஆரம்பித்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. கோகிலவாணி ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தாள். கை எழவில்லை. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றது. தொடக்கூடாது, இவளைத் தொடக்கூடாது, அக்கா பார்க்கிறாள், இந்த நேரம் பார்த்துத் தொடக்கூடாது. மூன்றாவது மோதலில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. "டீச்சர்" என்று பாப்பாத்தி அக்கா அலறினாள். அந்தக் குரலில்தான் கை அவிழ்ந்தது. சுவருக்கும் நெற்றிக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்தாள். நாலாவது மோதல் கைமேல் விழுந்தது, விரல் எலும்பு சுவரில் நசுங்கியது, அடுத்தது, அடுத்தது. வலி நன்றாக இருந்தது. வலிக்கிறது என்று தெரிவதே நன்றாக இருந்தது.

அந்த வலியோடுதான் செவ்வாய்க்கிழமையில் மிச்சம் இருந்ததும் வந்தது. மூன்று நாளாகத் தட்டுக்குத் திரும்பித் திரும்பி ஓடியதெல்லாம் இதற்குப் பயந்துதான். எட்டிப் பிடித்தாள், மிதுனா நின்றுவிட்டாள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். கேட்டும் அதற்குள் காற்றில் சாத்திக்கொண்டது. ஓட்டம் முடிந்துவிட்டது, ஆபத்து முடிந்துவிட்டது, கையை விட வேண்டியதுதான். விடவில்லை. விடாதது மட்டும் இல்லை, இன்னும் இறுக்கினாள். யாருடைய முகத்தையும் பார்க்காத அந்தப் பிள்ளை திரும்பி இவள் முகத்தைப் பார்த்தது, நேராக, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. போலாம் என்று சொன்னது. போலாம். போலாம். இவள் இறுக்கிக்கொண்டே நின்றாள். அப்போது உள்ளே கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. பல மாதமாக எதுவுமே படாத இடத்தில் ஏதோ ஒன்று பட்ட நிம்மதி. அது எவ்வளவு நேரம்? இதுதான் தெரியவில்லை.

கரண்ட் வர இருபது நிமிஷம் ஆனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின, மிதுனா அடங்கினாள், நெற்றியில் சின்னப் புடைப்பு. பாப்பாத்தி அக்கா ஈரத்துணி கொண்டுவந்து வைத்தாள். "உங்க கையும் வீங்கிருச்சுங்க டீச்சர்" என்றாள், அதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஒளிந்திருக்கிறதா என்று தேடும் தெம்பும் இவளுக்கு இல்லை. மூணரைக்கு என்று சொன்ன சசிரேகா மூணு பத்துக்கே வந்துவிட்டாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, துப்பட்டாவில் பஞ்சுத் துகள். கோகிலவாணி அவளைப் பயிற்சி அறைக்கு அழைத்துப்போய், பெரிய பந்துகளையும் ஊஞ்சலையும் ஒதுக்கிவிட்டு, நாற்காலி போட்டாள். கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். சசிரேகாவே எழுந்து சாத்தினாள். இவள் தன் வரிசையைத் தயாராக வைத்துக்கொண்டாள். தட்டு, ஓட்டம், கேட்.

"கையில இருக்கறத நீங்க பாத்துட்டீங்கன்னு தெரியுமுங்க" என்று சசிரேகா சொன்னாள்.

கோகிலவாணி வீங்கிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"புதன்கிழமை காத்தால என்னைய ஒரு பார்வை பாத்தீங்களே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னிக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு மூணு நாளா வவுத்துல நெருப்பக் கட்டிட்டு இருக்கறேன். மேடத்துகிட்டச் சொல்லியிருப்பீங்க, எழுதி வெச்சிருப்பீங்க. போலீஸ்காரங்க வருவாங்களோன்னுகூட நெனச்சனுங்க." அவள் மடியில் கிடந்த துப்பட்டாவிலிருந்து துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். "செவ்வாக்கிழமை பொழுதோட கம்பெனியில இருந்து வந்து தலை பின்னிவிட்டனுங்க. அவ சும்மா இருக்கல. சடையப் புடுங்கிப் புடுங்கி வீசறா. நா கையப் புடிச்சேன். புடிச்சதும் அடங்கிட்டாளுங்க. ஆனா எனக்கு விட முடியலீங்க டீச்சர். அமுக்கிட்டே இருந்தேன். அவ போலாம் போலாம்ங்கறா."

சசிரேகா அழுவாள் என்று எதிர்பார்த்தாள், அழவில்லை. நிமிர்ந்து இவளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், தண்டனையைச் சொல்லுங்கள் என்கிற மாதிரி. கோகிலவாணிக்கு உடம்பு பூராவும் ஒரு குளிர்ச்சி இறங்கியது. என் விரல் இல்லை. அவளே சொல்லிவிட்டாள், அவளுடைய விரல். செவ்வாய்க்கிழமை மதியம் நடந்தது இனி யாருக்கும் தேவையில்லை, தேதி போட்ட வெற்று வரியில் இதை எழுதிக்கொள்ளலாம், பாப்பாத்தி அக்கா பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இப்போது சொல்ல வேண்டியது கூட நாக்கில் தயாராக இருந்தது. யாருக்கும் வருவதுதானுங்க, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க, பொறுமையா இருக்கப் பழகிக்கணும். சால்வை போர்த்திய குரலில் அது வரும், அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். அந்தக் குரல் தொண்டைக்கு ஏறி வருவதைக் கோகிலவாணி கேட்டாள். இந்தப் பெண் மூன்று நாளாக நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது இவள் பார்த்த பார்வையால். இவள் தனக்காகப் பார்த்த பார்வை அது.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானும் புடிச்சேன்" என்றாள். "அதே கையத்தான். ஓடுனா, புடிச்சேன். நின்னதுக்கு அப்புறமும் விடலை. அவ நின்னுட்டா. நான் விடலை."

சசிரேகாவின் விரல்கள் துகள் பொறுக்குவதை நிறுத்தின. தறிச் சத்தம் சுவர் வழியாக வந்து நாற்காலிக் காலில் அதிர்ந்தது. அவள் முகத்தில் இருந்த குற்ற உணர்ச்சி மெல்ல மாறி வேறொன்றாக ஆவதைக் கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் நியாயம் என்று இருந்தது.

"எத்தன நேரமுங்க?"

"தெரியலைங்க."

"எனக்குந் தெரியலீங்க" என்றாள் சசிரேகா. பிறகு, தணிந்த குரலில், "இனி நீங்க அவகூடத் தனியா இருக்க வேண்டாங்க டீச்சர்."

"சரிங்க."

"உங்கள வேண்டாம்னு நாஞ் சொல்லிப்போடலாம். என்னைய வேண்டாம்னு சொல்றதுக்கு அவளுக்கு ஆரு இருக்கறா?" சொல்லிவிட்டு எழுந்து கதவைத் திறந்துகொண்டு பிள்ளையைத் தேடிப் போனாள்.

எஸ்தர் மேடத்தின் அறையில் அந்தப் பச்சை ஃபைல் திறந்துதான் இருந்தது. புது டீச்சர் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதின கடிதங்கள், ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்றார். கோகிலவாணி நின்றுகொண்டே தான் செய்த எல்லாவற்றையும் சொன்னாள், நிம்மதியாக இருந்தது என்பதையும் சொன்னாள். எஸ்தர் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "அவங்க அம்மா புகார் குடுக்கறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்ப எழுத வேண்டாமே கோகிலா. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. திங்கக்கிழமை வந்துருங்க. நீங்களும் போயிட்டா நான் பூட்டத்தான் வேணும்." திட்டுவார், வெளியே போ என்பார், ஃபோனை எடுப்பார் என்று மூன்று நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணிக்கு இது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. யாரும் இவளைக் கவனிக்கவே இல்லை. அத்தனை பேரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தாளே, யாரும் பார்க்கவில்லை, பார்க்க யாருக்கும் நேரமில்லை. இந்தப் பிள்ளைகளையும் அப்படித்தான் யாரும் பார்க்கப்போவதில்லை. பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். வீங்கிய விரலால் பேனா சரியாகப் பிடிபடவில்லை, எழுத்து கோணிக்கொண்டு போனது. ஓடியது, பிடித்தது, நின்றது, விடாதது. நான் என்று போட்டு எழுதினாள். கீழே ஒரு மாத விடுப்பும் கேட்டு எழுதினாள். எஸ்தர் மேடம் படித்தார். கிழித்துவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். "ஒரு மாசம் உங்க வகுப்புல பாப்பாத்தியம்மாவோட நானே உக்கார்றேன்" என்றார்.

வெளியே வந்தபோது எல்லா அம்மாக்களும் போயிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் சசிரேகா ஸ்கூட்டியை ஓட்டத்திலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மிதுனா முன்னால் நின்று கண்ணாடியைத் திருப்பித் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள் சசிரேகா.

"எழுதிட்டேன். என்னைப் பத்தி மட்டுந்தான். உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலை, பயப்படாதீங்க."

சசிரேகா ரோட்டைப் பார்த்தாள். ஒரு டெம்போ போய் முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"எம் பேரையும் எழுதோணுமுங்க."

"எதுக்குங்க? மேடம் ஒண்ணும் கேக்கலையே."

"எழுதினாத்தானுங்க எங்க ஊட்டுக்கு ஆராச்சும் வந்து பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இறக்கி, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். மிதுனா அந்தக் கையில் தன் கையை வைக்கும் வரைக்கும் அப்படியே காத்திருந்தாள். கோகிலவாணி முன்னால் நடந்து போய் எஸ்தர் மேடத்தின் அறைக் கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.